குளிர்காலத்தில் சேறு, கோடையில் மலை: சைக்ளோ-கிராஸ், மவுண்டன் பைக் வீரர்களின் பிழைப்பு எப்படி ஓடுகிறது?

சைக்கிள் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு டூர் டி பிரான்ஸ்தான் நினைவுக்கு வரும். வழுவழுவென்ற தார்ச்சாலை, கொத்தாகப் போகும் நூற்றுச் சொச்சம் பேர், மஞ்சள் ஜெர்சி. அதே ஐரோப்பாவில், டிசம்பர் குளிரில், மழையில் ஊறிய வயல்வெளியில், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் ஏறி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் சைக்கிள் வீரர்கள்தான். அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் எடுத்து, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் பீரும் உருளைக்கிழங்கு வறுவலுமாக வந்து நிற்கிறார்கள்.

முதல் தடவை வீடியோவில் இதைப் பார்த்தபோது, ஓட்டவே முடியாத இடத்தில் எதற்கு சைக்கிள் என்றுதான் எனக்குத் தோன்றியது. சின்ன வயதில் கரிசல் காட்டில், மழை விட்ட மறுநாள், அப்பாவின் பெரிய சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மாட்டியிருக்கிறேன். மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் போய் இறுகி, சக்கரம் சுற்றாது. குச்சியை வைத்து நோண்டி நோண்டி எடுத்தால் பத்தடி போகும், மறுபடி நின்றுவிடும், கடைசியில் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. அந்த அவஸ்தைக்கு விதி எழுதி, உலகக் கோப்பை நடத்தி, அதை நம்பி ஒரு கூட்டம் பிழைக்கவும் செய்கிறது என்றால் அதைக் கொஞ்சம் விசாரிக்காமல் எப்படி விடுவது?

சரி, அடிப்படைக்கு வருவோம். சைக்ளோ-கிராஸ் குளிர்கால விளையாட்டு. ஐரோப்பாவில் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துவிடும், உலக சாம்பியன் போட்டி ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ வரும். மவுண்டன் பைக் பந்தயம் அதற்கு நேரெதிர், வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை. அதாவது ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்குகிறது. ஆகவே ஒரே ஆள் இரண்டிலும் போட்டியிடலாம், பலர் போட்டியிடவும் செய்கிறார்கள். நம் ஊர் விவசாயி ஒரு போகம் நெல், ஒரு போகம் உளுந்து போடுகிற மாதிரிதான், நிலம் ஒன்று, பயிர் இரண்டு. இதில் நிலம் என்பது அந்த வீரரின் நுரையீரலும் காலும். அதற்கும் ஓய்வு வேண்டும் என்பதை இந்த நாட்காட்டி அடிக்கடி மறந்துவிடுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நாட்காட்டி மட்டும் பொருந்தினால் போதாது, உடம்பும் பொருந்த வேண்டும். சாலைப் பந்தயத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஓட்டுவார்கள், அதில் பாதி நேரம் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு, தின்றுகொண்டு, பேசிக்கொண்டுகூடப் போகலாம். சைக்ளோ-கிராஸில் ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பெண்களுக்கு ஐம்பது நிமிடம், அவ்வளவுதான். மவுண்டன் பைக்கில் ஒலிம்பிக்கில் இருக்கும் கிராஸ்-கன்ட்ரி என்ற பிரிவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆனால் இரண்டிலும் முதல் நொடியிலிருந்தே முழு மூச்சு. ஒளிய இடம் கிடையாது, யாருடைய முதுகும் பெரிதாக உதவாது. ஒரே வகை எஞ்சின்தான் இரண்டுக்கும் தேவை: சட்டென்று முறுக்கவும் வேண்டும், அந்த முறுக்கிலேயே ஒரு மணி நேரம் நிற்கவும் வேண்டும்.

வரலாறு கொஞ்சம். சைக்ளோ-கிராஸ் பிரான்சில், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. டேனியல் கூஸோ என்ற ராணுவ வீரர் 1902-ல் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-ல் டூர் டி பிரான்ஸை வென்ற ஆக்டேவ் லாபீஸ், குளிர்காலத்தில் வயலில் ஓட்டியதுதான் தன்னை அதற்குத் தயார்ப்படுத்தியது என்று சொல்லப்போக, ஊரே அதைத் திரும்பிப் பார்த்தது. ஆண்களுக்கான முதல் உலக சாம்பியன் போட்டி 1950-ல் பாரிசில் நடந்தது. பெண்களுக்கு? 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஐம்பது வருஷம்! இன்று இதன் தலைநகரம் பிரான்ஸ் இல்லை, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி. அங்கே இதன் பெயர் ‘வெல்ட்ரைடன்’, வார்த்தைக்கு வார்த்தை ‘வயலில் ஓட்டுவது’.

மவுண்டன் பைக்கின் கதை கலிஃபோர்னியாவில். 1970-களில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டியில், ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி போன்ற இளைஞர்கள் பழைய குண்டு டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் அங்கிருந்து மண்பாதையில் கீழே விட்டு விளையாடினார்கள். அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக் அந்தக் காலத்து சைக்கிள்களில். அந்த இறக்கத்தில் பிடித்துப் பிடித்து வந்தால், கீழே வருவதற்குள் சக்கர அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் கொதித்துப் புகையாகப் போய்விடும்; அடுத்த தடவை இறங்குவதற்குமுன் கிரீஸை மறுபடி அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதுதான் ரீபேக். இப்படிப்பட்ட காரணப்பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கிருந்து 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலக சாம்பியன் போட்டி, 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக். சைக்ளோ-கிராஸ் இன்றுவரை ஒலிம்பிக்கில் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் ஒரு வீரரின் வாழ்க்கையை எப்படியெல்லாம் திருப்பிவிடும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அதற்கு முன் அந்தச் சேற்றுக்குள் ஒரு சுற்று போய் வந்துவிடுவோம்.

சைக்ளோ-கிராஸ் சைக்கிளைத் தூரத்திலிருந்து பார்த்தால் சாலைப் பந்தய சைக்கிள் மாதிரியே இருக்கும், அதே வளைந்த ஹேண்டில்பார். கிட்டப் போனால்தான் டயரில் பட்டன் பட்டனாகப் பிடிமானம் தெரியும். டயரின் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, விதி. அகல டயர் போட்டால் சேறு சுலபமாகிவிடுமே, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. அந்த மெல்லிய டயரிலும் காற்று மிகக் குறைவாக, ஒன்றேகால் ஒன்றரை ‘பார்’ (காற்றழுத்தத்தின் அலகு) அளவுக்குத்தான் வைப்பார்கள். நம் வீட்டு சைக்கிளில் இந்த அளவு காற்றோடு போனால் பஞ்சர் கடைக்காரர் திட்டுவார். இவர்களில் பலர் டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அதனால் கல்லில் மோதினாலும் டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்கிக் கிழிவது குறைவு. பந்தயத்துக்கு முன் வீரரும் மெக்கானிக்கும் பேசுகிற பேச்சில் பாதி இந்தக் காற்றைப் பற்றியதுதான். பார் கணக்கில் தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கத்துக்குச் சண்டை போடுவார்கள்.

தடம் இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர், அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். புல்வெளி, மணல், படிக்கட்டு, பக்கவாட்டில் சரிந்த மேடு, அப்புறம் வேண்டுமென்றே வைத்த பலகைத் தடைகள், அதிகபட்சம் 40 சென்டிமீட்டர் உயரம். சிலர் அதைச் சைக்கிளோடு தாவிவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் இறங்குவார்கள். அந்த இறங்குவது இருக்கிறதே, அதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் குறையாமல் வரும்போதே வலது கால் சீட்டுக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் வந்துவிடும், இப்போது ஆள் இடது பெடலில் ஒற்றைக் காலில் நிற்கிறார், வலது கை சட்டத்தின் மேல்கம்பியில். தடைக்கு ஓரடி முன்னால் இடது ஷூ பெடலிலிருந்து கழன்று, தரையில் பட்டது தெரியாமலே ஓட்டம் தொடங்கியிருக்கும். ஏற்றம் நீளமாக இருந்தால் கை சட்டத்துக்குள் புகுந்து ஹேண்டில்பாரைப் பிடித்து, சைக்கிள் தோளில் உட்கார்ந்துவிடும். மறுபடி ஏறுவது இன்னும் அழகு: ஓடிக்கொண்டே ஒரு தாவல், வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் விழுந்து வழுக்கி நடுவுக்கு வரும். சீட்டில் ‘குதித்து’ உட்காருகிறவர் புதுசு என்று அர்த்தம், அன்று ராத்திரி அவருக்கு அது நன்றாகவே தெரியவரும்.

பிட் என்று ஒரு இடம் இருக்கும், பொதுவாக ஒரு சுற்றில் இரண்டு தடவை அதன் பக்கம் போக வேண்டிவரும் வகையில் தடத்தை அமைப்பார்கள். சைக்ளோ-கிராஸில் பந்தயத்தின் நடுவிலேயே சைக்கிளை மாற்றிக்கொள்ளலாம். சேறு அதிகமான நாளில் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை மாற்றுவார்கள்: வீரர் பழைய சைக்கிளை ஒருவரிடம் எறிந்துவிட்டு, நாலெட்டு ஓடி, அடுத்தவர் நீட்டிப் பிடித்திருக்கும் சுத்தமான சைக்கிளில் தாவிப் போய்விடுவார். பழையதை வாங்கியவர் பிரஷர் வாஷரை நோக்கி ஓடுவார். களிமண்ணைப் பீய்ச்சிக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, கியர் சரியாக விழுகிறதா என்று பார்த்து, மூன்று நான்கு நிமிடத்தில் திரும்ப வந்து நிற்க வேண்டும். அவரும் அந்த ஒரு மணி நேரம் ஒரு பந்தயம் ஓடுகிறார், அவருக்குப் பதக்கம் கிடையாது. அந்த ஆள் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பது இந்த விளையாட்டில் ரொம்ப சாதாரணம், முக்கியமாக வீரர் இளையவராக இருக்கும்போது.

மவுண்டன் பைக்கில் இந்த வசதி கிடையாது. எந்த சைக்கிள் சட்டத்தில் தொடங்கினாயோ அதிலேயே முடிக்க வேண்டும். சக்கரத்தை மாற்றலாம், அதுவும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டும். வழியில் பஞ்சரானால் அந்த இடம் வரும்வரை காற்று இல்லாத சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். சைக்கிளும் வேறு: 29 அங்குலச் சக்கரம், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், நேரான அகல ஹேண்டில்பார், இறக்கம் வரும்போது ஒரு பட்டனை அழுத்தினால் கீழே இறங்கிக்கொள்ளும் சீட். தடம் நாலு முதல் ஆறு கிலோமீட்டர், பாறை, வேர், ஆளுயரத்துக்கு இறங்கும் கல் படிகள். சைக்ளோ-கிராஸில் விழுந்தால் பெரும்பாலும் சேறு. இங்கே பாறை.

இரண்டுக்கும் பொதுவான, பார்க்கிறவர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம், தொடங்கும் வரிசை. எட்டு எட்டுப் பேராக நிறுத்துவார்கள், யார் முன்னால் நிற்பது என்பதைத் தரவரிசைப் புள்ளிகள் முடிவு செய்யும். விசில் ஊதி நூற்றைம்பது இருநூறு மீட்டருக்குள் பாதை குறுகிவிடும். அதற்குள் முன்னால் போகாதவர் ஆறாவது ஏழாவது வரிசையில் நெரிசலில் மாட்டி, முன்னால் ஒருவர் கால் ஊன்றினால் தானும் ஊன்றி, முதல் சுற்றிலேயே ஒரு நிமிடம் இழப்பார். புள்ளி இல்லாததால் பின்வரிசை, பின்வரிசை என்பதால் புள்ளி கிடைப்பதில்லை. அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை என்பது மாதிரி. இதற்கு மேல், முதலில் போகிறவரின் ஒரு சுற்று நேரத்தில் எண்பது சதவீதம் பின்தங்கிவிட்டால் வெளியே எடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரு இளைஞர் முதல் இரண்டு வருஷத்தைச் சின்னச் சின்னப் பந்தயங்களில் புள்ளி பொறுக்குவதில் கழிப்பார், வேனில் தூங்கிக்கொண்டு. மவுண்டன் பைக் உலகக் கோப்பையில் 2018-லிருந்து இன்னொன்றும் சேர்ந்தது: முக்கியப் பந்தயத்துக்கு முன்பே ஷார்ட் டிராக் என்று இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு குட்டிப் பந்தயம். முன்வரிசை இடங்கள் அதில் வருகிற இடத்தைப் பொறுத்துத்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது?

மூன்று கடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்ளோ-கிராஸ் கடை பெல்ஜியத்தில் இருக்கிறது. அங்கே பந்தயம் டிவியில் நேரலையாக ஓடும், ஊர்த் திருவிழா மாதிரி கூட்டம் வரும், ஜன்னல் கம்பெனியும் வங்கியும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஸ்பான்சர். பரிசுத்தொகையைவிட முக்கியம் ‘தொடக்கப் பணம்’, அதாவது பேர் போன வீரர் ஒரு பந்தயத்துக்கு வந்து நின்றாலே நடத்துகிறவர்கள் கொடுக்கும் தொகை. நம் ஊரில் கச்சேரிக்குப் பேசுகிற மாதிரி, ஆளைப் பொறுத்து ரேட். கிறிஸ்துமஸ் வாரத்தில் பந்தயங்கள் வரிசையாக வரும். ஜனவரி 1 அன்று பாலில் ஒன்று நிச்சயம். இங்கே பால் என்பது ஊர்ப்பெயர். ஸ்வென் நைஸ் என்ற ஜாம்பவானின் சொந்த ஊர், பந்தயத்துக்கும் அவர் பெயர்தான். உலகமே புத்தாண்டுக்கு மதியம்வரை தூங்கும்போது இவர்கள் அங்கே சேற்றில் இருப்பார்கள். அந்த இரண்டு வாரம்தான் வருஷத்தின் பெரிய அறுவடை.

மவுண்டன் பைக் கடையை நடத்துவது சைக்கிள் தயாரிப்பாளர்கள். ஸ்காட், டிரெக், ஸ்பெஷலைஸ்டு போன்ற கம்பெனிகள் அணிகளுக்குப் பணம் போடும், ஏனென்றால் ஞாயிறன்று ஜெயித்த அதே மாடலைத் திங்களன்று விற்கலாம். கூட்டம் பெல்ஜியம் அளவுக்கு வெறித்தனம் இல்லை, ஆனால் இங்கேதான் ஒலிம்பிக் பதக்கம் இருக்கிறது, பதக்கம் என்றால் அரசாங்க உதவி, தேசிய சம்மேளனத்தின் அக்கறை எல்லாம் கூடவே வரும். மூன்றாவது கடை தார்ச்சாலை. அதுதான் பெரிய பணம், பெரிய டிவி. சேற்றில் பிரமாதமாக ஓட்டும் இருபது வயதுப் பையனையோ பெண்ணையோ சாலை அணி ஒன்று கூப்பிடாமல் இருக்காது. இந்த மூன்றில் எதில் எப்போது இருப்பது, எதை எப்போது மூடுவது என்ற கணக்குதான் இந்தத் தொழிலே. பெடல் மிதிப்பது அதற்கு அப்புறம்.

இதை ஒருவர் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். போலின் ஃபெரான்-பிரெவோ, பிரான்சில் ரான்ஸ் நகரத்தில் 1992-ல் பிறந்தவர். 2010-ல் ஜூனியர் பிரிவில் சாலையிலும் மவுண்டன் பைக்கிலும் உலக சாம்பியன். செப்டம்பர் 2014-ல் ஸ்பெயினின் பான்ஃபெராடாவில், பெரியவர்கள் பிரிவில், சாலை உலக சாம்பியன். நான்கு மாதம் கழித்து, ஜனவரி 2015-ல் செக் நாட்டின் தாபோரில் சைக்ளோ-கிராஸ் உலக சாம்பியன், அன்று இரண்டாவது வந்தது பெல்ஜியத்தின் சானே கான்ட், மூன்றாவது அந்தக் காலத்தில் யாராலும் அசைக்க முடியாதவராக இருந்த நெதர்லாந்தின் மரியானே வோஸ். அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஆண்டோராவில் மவுண்டன் பைக் உலக சாம்பியன். சாலைப் பட்டம் கைமாற இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆக, அந்த மூன்று வாரம், மூன்று பட்டமும் ஒரே ஆளிடம், அதுவரை ஆண், பெண் யாருமே செய்யாதது. உலக சாம்பியனுக்கு ஒரு வருஷம் வானவில் கோடு போட்ட வெள்ளை ஜெர்சி அணியும் உரிமை உண்டு. அவரிடம் அப்போது மூன்று. வயது 23.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் அதற்கடுத்த வருஷம் ரியோ ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் பந்தயத்தைப் பாதியிலேயே விட்டு இறங்கினார். நான் முன்னால் சொன்ன ஓய்வு விஷயம் இங்கேதான் வருகிறது. மூன்று கடையும் ஒரே ஆளுடையதென்றால் எந்தக் கடைக்கும் விடுமுறை கிடையாது. வருஷம் முழுக்க ஏதோ ஒரு பந்தயம், ஏதோ ஒரு பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய நெருக்கடி. மனசளவிலும் மோசமான காலம் அது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அதோடு காலில் ஒரு பிரச்சினை. சைக்கிள் வீரர்களுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு: இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் இலியாக் தமனியின் சுவர் தடித்துப்போவது. குனிந்த நிலையில் தொடையை வயிற்றுப் பக்கம் லட்சக்கணக்கான தடவை மடக்கி மடக்கி, அந்தக் குழாய் ஒவ்வொரு தடவையும் வளைந்து, உள்சுவர் மெல்ல மெல்லத் தடித்துவிடும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. முழு மூச்சாக மிதிக்கும்போது மட்டும் அந்தக் காலுக்கு ரத்தம் போதாமல் கால் மரத்து, வலித்து, சக்தி போய்விடும். படுக்கவைத்து சோதனை செய்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் இந்த வியாதி வந்தவர்களில் பலர், கண்டுபிடிப்பதற்குள், ‘உனக்கு மனசில்தான் பிரச்சினை’ என்ற பேச்சை நிறைய கேட்டுவிடுவார்கள். ஃபெரான்-பிரெவோவுக்கு 2019 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு கனடாவின் மோன்-சான்த்-ஆனில் மறுபடி மவுண்டன் பைக் உலக சாம்பியன் ஆனார். அப்புறம் 2020, 2022, 2023 என்று மொத்தம் ஐந்து.

கவனியுங்கள், இந்தப் பட்டியலில் சைக்ளோ-கிராஸ் இல்லை. 2015-க்குப் பிறகு சேற்றில் அவருக்கு உலகப் பட்டம் எதுவும் இல்லை. தன் நாட்காட்டியின் நடுவில் மலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஏன்? அவரிடம் இல்லாத ஒரே பெரிய பொருள் ஒலிம்பிக் பதக்கம். 2012 லண்டன், 2016 ரியோ, 2021-ல் நடந்த டோக்கியோ, மூன்றிலும் வெறுங்கை. டோக்கியோவில் மூன்று பதக்கத்தையும் சுவிட்சர்லாந்துப் பெண்களே அள்ளிக்கொண்டு போனார்கள். நான்காவது வாய்ப்பு சொந்த நாட்டில், 2024 ஜூலை 28, பாரிசுக்கு அருகில் எலான்கூர் குன்று. ஒருகாலத்தில் கல் குவாரியாக இருந்து, பிறகு குப்பையும் இடிபாடும் கொட்டி மேடாகிப்போன இடம் அது, 231 மீட்டர் உயரம், அந்த வட்டாரத்திலேயே அதுதான் உச்சி. அங்கே பந்தயம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத அளவுக்கு முன்னாலேயே தனியாகப் போய்த் தங்கம் வாங்கினார்.

மறுநாள் அதே குன்றில் ஆண்கள் பந்தயம், அதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த விளையாட்டை யாருக்காவது முதல்முதலாகக் காட்ட வேண்டுமென்றால் காட்ட வேண்டியது. பிரிட்டனின் டாம் பிட்காக் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது முன்சக்கரத்தில் காற்று போய்விட்டது. நான் சொன்ன அந்த விதி, ஞாபகம் இருக்கிறதா, ஒதுக்கிய இடத்தில்தான் மாற்ற முடியும். உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்து, சக்கரம் மாற்றி முடிப்பதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் போயாயிற்று, ஏழெட்டுப் பேர் தாண்டியாயிற்று. ஒருவர் ஒருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கோரெட்ஸ்கியோடு ஒட்டிக்கொண்டார். மரங்களுக்கு நடுவே பாதை இரண்டாகப் பிரிந்து சேரும் ஓர் இடம். கோரெட்ஸ்கி ஒரு பக்கம் போக, பிட்காக் மறுபக்கம் புகுந்து, இருவரும் உரசிக்கொண்டு வெளியே வந்தபோது பிட்காக் முன்னால். பிரெஞ்சுக் கூட்டம் கத்தித் தீர்த்தது. அந்தப் புகுதல் சைக்ளோ-கிராஸ்காரனின் கண். ஓரடி இடைவெளி தெரிந்தால் யோசிக்காமல் நுழைந்துவிடுவது சேற்றில் பழகியது; அவர் 2022-ல் சைக்ளோ-கிராஸ் உலக சாம்பியனும்கூட.

அப்படியானால் சேற்றில் ராஜாவாக இருந்தால் மலையும் தானாக வசப்படுமா? இல்லை, அதற்குச் சாட்சி நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூல். அவர் அப்பா ஆட்ரி 1996-ன் சைக்ளோ-கிராஸ் உலக சாம்பியன், அம்மாவின் அப்பா பிரான்சின் செல்லப் பிள்ளையான சைக்கிள் வீரர் ரேமோன் பூலிடோர். பேரன் 2015-ல், இருபதே வயதில், சைக்ளோ-கிராஸ் உலகப் பட்டம் வாங்கினார், 2025-ல் ஏழாவது பட்டம் வாங்கி எரிக் டெ ஃபிளாமிங்கின் பழைய சாதனையைத் தொட்டார். ஆண்கள் பிரிவில் 2015 முதல் 2025 வரை அந்தப் பட்டத்தில் மூன்றே பெயர்கள்: இவர், பெல்ஜியத்தின் வவுட் வான் ஆர்ட், பிட்காக். இப்பேர்ப்பட்டவர் டோக்கியோவில் முதல் சுற்றிலேயே ஒரு பெரிய கல் இறக்கத்தில் தலைகுப்புற விழுந்தார். பயிற்சியின்போது அந்த இடத்தில் ஒரு மரப்பலகைச் சாய்வு வைத்திருந்தார்கள், பந்தயத்தன்று அதை எடுத்துவிட்டார்கள், அவர் அது இருக்கும் என்று நம்பி வந்தார். பலகையை எடுத்துவிடுவார்கள் என்பது தனக்குத் தெரியாது என்றார். மலையிலேயே முழுநேரம் இருக்கிறவர் ஒவ்வொரு கல்லையும் நடந்து பார்த்துப் பரிச்சயமாக்கிக்கொண்டு வருவார். மூன்று கடை வைத்திருப்பவருக்கு அதற்கு நேரம் இல்லை. 2023-ல் கிளாஸ்கோவில் சாலை உலகப் பட்டம் வென்ற ஒரே வாரத்தில் மவுண்டன் பைக்கில் இறங்கி, அங்கும் முதல் சுற்றிலேயே விழுந்தார். 2024 பாரிசில் மலையை விட்டுவிட்டு சாலைப் பந்தயத்துக்கு மட்டும் போனார்.

எதிர்ப்பக்கத்தில் சுவிட்சர்லாந்தின் நீனோ ஷுர்டர். ஒரே கடை, மலை மட்டும், அதுவும் கிட்டத்தட்ட இருபது வருஷம். கிராஸ்-கன்ட்ரியில் பத்து உலகப் பட்டங்கள், 36 உலகக் கோப்பை வெற்றிகள், ஒலிம்பிக்கில் 2008-ல் வெண்கலம், 2012-ல் வெள்ளி, 2016-ல் தங்கம் என்று படியேறி வந்தவர், 2025-ல் ஓய்வு பெற்றார். எந்தப் பாதை மேல் என்று என்னைக் கேட்டால், வேடிக்கை பார்க்க வான் டெர் பூல், சொந்தப் பிள்ளைக்கு யோசனை சொல்வதென்றால் ஷுர்டர்.

ஃபெரான்-பிரெவோ இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை போட்டார். தங்கம் கையில் வருவதற்கு முன்பே, ஒலிம்பிக் முடிந்ததும் சாலைக்குப் போவதாக அறிவித்துவிட்டார். 2025-ல் விஸ்மா என்ற சாலை அணியில் சேர்ந்தார், வயது 33. பல வருஷம் சாலைப் பந்தயமே சரியாக ஓட்டாதவர், இந்த வயதில் எங்கே என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு, நானும்தான். ஏப்ரலில் பாரி-ரூபே, கருங்கல் பாவிய குண்டும் குழியுமான பழைய பாதைகளில் நடக்கும் பந்தயம், சைக்கிள் கையில் நிற்காமல் குதிக்கும். அங்கே தனியாக வந்து வென்றார். ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ். கடைசி இரண்டு நாளும் ஆல்ப்ஸ் மலையில், இரண்டையும் அவரே ஜெயித்து மஞ்சள் ஜெர்சியோடு, அதாவது மொத்தப் பந்தயத்தையும் வென்று, முடித்தார்.

இதைப் பார்க்க ஆசை வந்துவிட்டதென்றால், டிசம்பரில் பெல்ஜியத்தின் நமூர் கோட்டைச் சரிவில் நடக்கும் சைக்ளோ-கிராஸிலிருந்து தொடங்குங்கள். மழை பெய்த வருஷத்துப் பதிவாகத் தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் வரிசையைப் பாருங்கள், யார் பின்னாலிருந்து கிளம்பினார் என்று ஒருவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முன்னால் போகிற இருவரை விட்டுவிட்டு, கேமரா பிட் பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த பிரஷர் வாஷர்காரரைக் கவனியுங்கள், முழங்கால் வரை சேற்றோடு, அடுத்த சைக்கிளை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தன் ஆள் எந்த வளைவில் வருகிறார் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.